ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வண்டி ஓட்டியது

நின்று போன வண்டிகளை நான் நிறைய ஓட வைத்திருக்கிறேன். நன்றாக ஓடிய வண்டி ஒன்றை நானே நிற்கவும் வைத்திருக்கிறேன். முதலாவதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதை அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் யாரும் மறக்கவில்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாவதோடு சரி. (அஞ்சாவது பாஸா என்று கேட்காதீர்கள்.) பேச்சும் குறைவு. பேச வேண்டிய இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு நிற்கிறவன். பேசக் கூடாத இடத்தில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக்கொட்டை வியாபாரியிடம் லாரி டிரைவராக இருந்தேன். வண்டி பழசு. மூக்கு நீண்டது. எங்கேயோ மலைப்பக்கம் மரம் இழுத்துவிட்டு, வயசான காலத்தில் எங்கள் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது. ஏற்றத்தில் இருமும். இறக்கத்தில் தடதடக்கும். அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன்.

லாரி நிற்கிற இடத்தில் என்னை டாக்டர் என்பார்கள். பட்டறைக்குப் போகாமலே வியாதியைச் சொல்லிவிடுவேன். பானெட்டின் மேல் கையை வைப்பேன். கண்ணை மூடுவேன். தலையை ஆட்டுவேன். (கண்ணை எதற்கு மூடுகிறேன் என்று எனக்கே தெரியாது. மூடினால் சுற்றி நிற்கிறவன் பேச்சை நிறுத்துவான். அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.) பத்து வண்டியில் ஏழு வண்டி நான் சொன்னபடி இருக்கும். மற்ற மூன்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நானும் பேச மாட்டேன்.

பஜாரில் சிக்கந்தர் ராவுத்தருக்கு எண்ணெய்க்கடை. முன்பக்கம் நல்லெண்ணெய், கடலெண்ணெய். பின்பக்கம் பீப்பாயில் டீசல். கிணற்றில் எஞ்சின் வைத்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளும், எங்கள் வண்டி மாதிரி நாலைந்து வண்டிகளும் அவரிடம்தான் பிடிப்போம். அளவு குறையாது. சரக்கு சுத்தம். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். என் கல்யாணத்துக்கு ஒரு டின் நல்லெண்ணெயைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த மனுசன்.

அவருடைய மகள் சபுராவுக்குக் கல்யாணம் முடிவானது. ராவுத்தரின் சொந்த ஊர் நரிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணம் அங்கே. மாப்பிள்ளை வீட்டார் பரமக்குடிப் பக்கம், கொஞ்சம் பெரிய இடம். பகல் பதினோரு மணிக்கு நிக்காஹ். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் விருந்து. வருகிற அத்தனை பேருக்கும் பிரியாணி என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். கிராமத்தில் அத்தனை சாமான் கிடைக்காது. அதனால் அரிசி, நெய், மசாலா, தேக்சாச் சட்டிகள், உயிரோடு கிடாய்கள், ஆக்குகிற பண்டாரி எல்லாமே அருப்புக்கோட்டையிலிருந்து போக வேண்டும். எல்லாம் ஒரே லாரியில். அந்த லாரி நேரத்துக்குப் போகவில்லை என்றால் அந்தக் கல்யாணத்தில் சோறு இல்லை.

எங்கள் முதலாளி நல்லவர். "நம்ம வண்டிய எடுத்துட்டுப் போங்க ராவுத்தரே. வாடகையெல்லாம் பேசாதீக. டீசல மட்டும் ஊத்திக்கிருங்க" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் ராவுத்தர் தன் கையாலேயே டீசல் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். டேங்க் வாய்வரைக்கும் வந்து வெளியே வழிந்தது.

"போதும் மாமா. வழியுது."

"வழியட்டும் மாப்ள. கல்யாணத்துக்குப் போற வண்டி. கொறையாப் போகக் கூடாது" என்று தோள் துண்டால் டேங்க்கைத் துடைத்தார்.

அவர் அந்த மாதிரி செய்தால் நான் சும்மா இருக்க முடியுமா? வண்டியை ஊருணிக்கு ஓட்டிப் போய்த் தேய்த்துக் கழுவினேன். வாழைக்கன்று கட்டினேன். சந்தனம் அரைத்தேன். பானெட்டுக்கு, ரெண்டு லைட்டுக்கு, ஸ்டீரிங்குக்கு, நாலு பக்கச் சக்கரத்துக்கு என்று சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். கடைசியில் டீசல் டேங்க் கண்ணில் பட்டது. வண்டிக்கு வயிறு அதுதானே, அதை விடலாமா? மூடிக்கு நடுமத்தியில், இருக்கிறதிலேயே பெரிய பொட்டாக ஒன்று வைத்துப் பெருவிரலால் அழுத்தினேன். காற்றுக்கும் வெயிலுக்கும் உதிர்ந்துவிடக் கூடாது என்று சந்தனத்தில் கருவேலம் பிசினைக் கரைத்து விட்டிருந்தேன். (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதுவரைக்கும் யாரும் கேட்டு வாங்கவில்லை.)

விடிந்ததும் கிளம்பினோம். ராவுத்தர் வீட்டார் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். கேபினில் நான், ராவுத்தர், பண்டாரி அசன் அண்ணன். ராவுத்தர் புது வேட்டி, புது ஜிப்பா. அத்தர் வாசம் டீசல் வாசத்தை அமுக்கியது. பண்டாரி பெருத்த ஆள். அவர் உட்கார்ந்தால் கியர் போட இடம் இருக்காது. பின்னால் கிடாய்கள் கத்திக்கொண்டே வந்தன.

"தம்பி, ஒம்பது மணிக்கு அடுப்புப் பத்த வைக்கணும். அதுக்கு மேல போச்சுன்னா நான் பொறுப்பு இல்ல" என்றார் பண்டாரி.

"எட்டு மணிக்கெல்லாம் அங்க நிப்போம்ணே."

திருச்சுழி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது.

இருமவில்லை. உதறவில்லை. பசியோடு தூங்கிப்போகிற பிள்ளை மாதிரி மெல்ல அடங்கியது. செல்ஃப் அடித்தேன். கிர் கிர் கிர் என்று நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. சுற்றியது. பிடிக்கவில்லை.

இறங்கினேன். பானெட்டில் கை வைத்தேன். கண்ணை மூடினேன்.

"என்ன மாப்ள?"

"ஏர் புடிச்சிருச்சு மாமா. டீசல் கொழாய்க்குள்ள காத்துப் பூந்துட்டா எஞ்சின் சுத்தும், கிளம்பாது. ரெண்டு நிமிசம்."

எதற்கும் டீசல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று டேங்க் மூடியைத் திறந்தேன். பொட்டு அழியக் கூடாதே. அதனால் பொட்டைத் தொடாமல், துணியைச் சுற்றி, ஓரத்தைப் பிடித்துத் திருகினேன். திருகியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

பண்டாரி ரெண்டடி பின்னால் போனார். "என்ன தம்பி, பாம்பா?"

"இல்லண்ணே. டேங்க் மூச்சு விடுது."

(உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாது.)

குச்சி விட்டுப் பார்த்தேன். டீசல் இருந்தது. மூடியை மறுபடி இறுக்கினேன். கைப்பம்பை அடித்துக் குழாயில் இருந்த காற்றை எடுத்தேன். செல்ஃப் அடித்தேன். பிடித்துக்கொண்டது.

"ஏலே மாப்ள! சும்மாவா ஒன்னைய டாக்டருங்கிறாங்க!" என்று ராவுத்தர் முதுகில் தட்டினார்.

நான் காலரைத் தூக்கி விட்டேன்.

திருச்சுழி தாண்டினோம். நரிக்குடிக்குப் போகிற ரோட்டில் பாதித் தூரம் போயிருப்போம். ரெண்டு பக்கமும் வேலிக்கருவை. வேறு நிழல் கிடையாது. அங்கே இரண்டாம் தடவை நின்றது. அதே மாதிரி. மெல்ல அடங்கியது.

இந்தத் தடவை கை வைக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. நேராகக் கைப்பம்பை அடித்தேன். கோடை காலத்து அடிகுழாய் மாதிரி வெறுமனே ஏறி இறங்கியது. ஒரு சொட்டு வரவில்லை. டேங்க்கைத் திறந்து பார்க்கவில்லை. நிறைய இருப்பதுதான் தெரியுமே. திறந்தால் பொட்டு அழியும்.

ஃபில்டரைக் கழற்றினேன். கழுவினேன். வாயால் ஊதினேன். மாட்டினேன். வரவில்லை. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இளைத்தது. பிறகு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டியதாயிற்று. பண்டாரிதான் பலசாலி. அவர் சுற்ற, வயிறு முன்னும் பின்னும் ஆட, கிடாய்கள் பார்த்துக்கொண்டே இருந்தன.

"தம்பி, நான் கரண்டி புடிக்க வந்தவன். கிணறு வெட்ட வரல."

"இன்னொரு சுத்துண்ணே."

"இதத்தான் அப்பவே சொன்ன."

அப்போது திருச்சுழியிலிருந்து பஸ் வந்தது. ராவுத்தர் கையைக் காட்டினார். பஸ் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பண்டாரியையும் ரெண்டு மூட்டை அரிசியையும் இதுல ஏத்தி விட்டுருவமா? போயி அடுப்பப் பத்த வைக்கட்டும். கறி அங்க எங்கயாச்சும் பாப்போம்."

நல்ல யோசனை. இன்றைக்கு நினைத்தாலும் நல்ல யோசனை. நான் கையில் ஸ்பானரோடு நிமிர்ந்து நின்றேன்.

"அஞ்சு நிமிசத்துல எடுத்துருவேன் மாமா. இதுக்குப் போயி பஸ்ஸு எதுக்கு? என் மேல நம்பிக்கை இல்லையா?"

இப்படிக் கேட்டால் ஒரு மனுசன் என்ன சொல்வான்? "அய்யோ, அப்படி இல்ல மாப்ள" என்றார். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார். பஸ் போனது.

அஞ்சு நிமிசம் போனது. வெயில் ஏறியது. ராவுத்தர் வண்டியின் நிழலைப் பார்த்தார். அது வண்டிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். ஏர் இல்லை. ஃபில்டர் இல்லை. பம்பு நல்ல பம்பு. மிச்சம் என்ன இருக்கிறது? டீசல்.

"மாமா, டீசல்ல தண்ணி."

ராவுத்தருக்குப் புரியவில்லை. "எந்த டீசல்ல?"

"ஊத்துன டீசல்லதான்."

"நம்ம டீசல்லயா?"

"வேற எது? தண்ணி இருந்தாத்தான் இப்படிப் பண்ணும்."

டேங்க்குக்கு அடியில் ஒரு நட்டு உண்டு. படுத்துக்கொண்டு அதைக் கழற்றினேன். டீசல் ஒழுங்காக ஊற்றவில்லை. மடக் மடக் என்று விக்கி விக்கி வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"பாத்தீகளா? நல்ல டீசலு நூலு மாதிரி எறங்கும். இப்படி விக்கி விக்கி வந்தா உள்ள தண்ணி கெடக்குன்னு அர்த்தம்."

(இந்தச் சட்டத்தை எனக்கு முன்னால் எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. எனக்குப் பின்னாலும் யாரும் சொல்லவில்லை.)

ராவுத்தர் அந்த டீசலில் ஒரு துணியை நனைத்தார். தள்ளிப் போய் நின்று தீக்குச்சி கிழித்தார். துணி அமைதியாக எரிந்தது.

"தண்ணி இருந்தா சடசடன்னு பொரியுமே மாப்ள. பொரியலயே."

"அது மேல நிக்கிற டீசலு மாமா. தண்ணி அடியில கெடக்கும்."

"அடியில இருந்துதானே இப்ப வருது?"

நான் சத்தத்தைக் கூட்டினேன். "வண்டி ஓட்டுறது நானா நீங்களா?"

அவர் துணியைக் காலால் மிதித்து அணைத்தார்.

இறங்குகிற டீசலைப் பிடித்து வைக்கலாம் என்று ஒரு தேக்சாவைத் தூக்கப் போனேன். பண்டாரி குறுக்கே விழுந்தார். "ஆக்கித் திங்கிற சட்டி! இதுல கை வச்ச, அந்தக் கிடாய்க்கு முன்னாடி ஒன்னைய அறுப்பேன்!" அதனால் அத்தனை டீசலும் ரோட்டோர மண்ணுக்குப் போனது. கரிசல் மண் குடித்துக்கொண்டே இருந்தது. விக்கி முடிய வெகு நேரம் ஆனது. கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. இனி ஊற்றுவதற்கு டீசல் எங்கே?

கிடாய்கள் மட்டும் பேசின.

தூரத்தில் ஒரு தோட்டத்தில் கிணற்று எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் கிளம்பினேன். ராவுத்தர் தடுத்தார். "நீ வண்டியப் பாரு. நான் போறேன்" என்று டின்னை எடுத்துக்கொண்டு, கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருவேல முள்ளுக்குள்ளே நடந்தார். மகளுக்கு நிக்காஹ் நடக்கிற நேரம் அது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வலியாக அத்தாக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம். அவர் டின்னோடு காட்டில் நடந்தார். அந்த முதுகு எனக்கு இன்னும் தெரிகிறது.

திரும்பி வரும்போது தோட்டத்துக்காரச் சம்சாரி டின்னைச் சுமந்துகொண்டு கூடவே வந்தார். ராவுத்தரின் வேட்டி முள்ளில் கிழிந்திருந்தது. ஜிப்பாவில் டீசல்.

நான் சம்சாரியிடம் கேட்டேன். "அண்ணாச்சி, இது சுத்தமான சரக்குதானா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீக? ராவுத்தர் கடையில புடிச்சது. போன வாரம். எம்புட்டு நாளா எஞ்சின் ஓடுது, ஒரு இருமல் கிடையாது."

பண்டாரி என்னைப் பார்த்தார். ராவுத்தர் வானத்தைப் பார்த்தார்.

"அது வேற பீப்பா" என்றேன்.

மூடியைத் திறந்து, பொட்டு அழியாமல்தான், ஊற்றினேன். மூடினேன். ஏர் எடுத்தேன். பண்டாரி ஹேண்டிலை ஒரு சுற்று சுற்றினார். எஞ்சின் சிங்கம் மாதிரி எழுந்தது. பிறகு நிற்கவே இல்லை. அந்தக் கிராமம் வரைக்கும் ஒரே ஓட்டம்.

"இப்ப என்ன சொல்றீக மாமா?"

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார். "பீப்பா வெளியிலதான் கெடந்துச்சு. மழைத்தண்ணி எறங்கியிருக்குமோ என்னமோ."

என்னை நம்பிவிட்டார். தன் கண்ணால் எரிந்ததைப் பார்த்தும் என்னை நம்பினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரெண்டு மணி தாண்டிவிட்டது. நிக்காஹ் முடிந்திருந்தது. ராவுத்தருடைய தம்பி வலியாக நின்று நடத்தி வைத்திருந்தார். விருந்தும் முடிந்திருந்தது. எப்படி என்றால், ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வீடு அரிசி எடுத்துச் சோறாக்கி, பருப்பு வேக வைத்து ஊற்றியிருந்தார்கள். ஆள் கூடக் கூடப் பருப்பில் தண்ணீரும் கூடியிருந்தது. பிரியாணி தின்ன வந்த பரமக்குடி ஆட்கள் ரசம் மாதிரி இருந்த பருப்பை ஊற்றித் தின்றுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குச் சந்தோசமாக இருந்தது கிடாய்கள் மட்டும்தான்.

மாப்பிள்ளையின் பெரியப்பா (பெரியத்தா என்பார்கள்) ஈசி சேரில் சாய்ந்திருந்தார். ராவுத்தரை மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க சம்மந்தி. மகளுக்குக் கல்யாணம்னு யாரும் சொல்லி விட்டாகளா?"

பந்தல் சிரித்தது. ராவுத்தர் வாயைத் திறந்தார். அதற்குள் பெரியத்தா என் பக்கம் திரும்பினார். "இவுகதான் டிரைவரா? வண்டி ஓட்டத் தெரியாதவனைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்."

ஆயுசில் பேசாதவன் அங்கே பேசினேன்.

"வண்டியில ஒண்ணும் இல்லைங்க. எனக்கு நல்லாவே ஓட்டத் தெரியும். டீசல்ல தண்ணி. ராவுத்தர் கடைச் சரக்கு. அதக் கீழ ஊத்திட்டு வேற டீசல் போட்டேன், வண்டி பறந்து வந்துருச்சு. வேணும்னா பண்டாரியக் கேளுங்க."

பந்தலில் சத்தம் நின்றது. வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

பெரியத்தா மெதுவாகச் சொன்னார். "அப்படியா? டீசல்லயும் தண்ணி, பருப்புலயும் தண்ணி. சம்மந்தி வீட்டுக்குத் தண்ணிப் பஞ்சமே வராது."

ராவுத்தர் கிழிந்த வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஊருக்குத் திரும்பினேன். ரெண்டு மூன்று வாரம் சின்னச் சின்ன நடை. அப்போதெல்லாம் கொஞ்சமாகத்தான் டீசல் போட்டு ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. லாரி நிற்கிற இடத்தில் கேட்டவனுக்கெல்லாம் 'டீசலில் தண்ணி' கதையைச் சொன்னேன். ராவுத்தர் கடைக்கு வண்டிகள் வருவது நின்றது.

பிறகு விருதுநகருக்கு ஒரு பெரிய லோடு. வேறு கடையில் டேங்க் நிறைய டீசல் பிடித்தோம். பாலவனத்தம் தாண்டவில்லை. வண்டி மெல்ல அடங்கியது.

செல்ஃப் அடித்தேன். சுற்றியது. பிடிக்கவில்லை.

தனியாக இருந்தேன். கண்ணை மூடினால் பேச்சை நிறுத்த ஆள் இல்லை. இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்.' இந்தத் தடவை அது என்ன சத்தம் என்று என்னைக் கேட்க யாரும் இல்லை. அதனால் நானே கேட்டுக்கொண்டேன். டேங்க் எதற்கு மூச்சு விட வேண்டும்? மூச்சு முட்டினால்தானே விடும்?

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். எல்லா டேங்க் மூடியிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. டீசல் வெளியே போகப் போக அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். வராவிட்டால் டீசல் இறங்காது. என் மூடியில் ஓட்டை இருந்த இடத்தில் சந்தனப் பொட்டு. கருவேலம் பிசின் போட்டு அரைத்தது. வெயிலில் காய்ந்து சிமெண்டாக நின்றது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் மூச்சு முட்டும். காலி டேங்க்கில் கொஞ்சமாக ஊற்றினால் உள்ளே இருக்கிற காற்றே போதும். அன்றைக்கு ராவுத்தர் வழிய வழிய ஊற்றினார். நான் அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்தேன். ரெண்டு பேரும் ஆசையாகத்தான் செய்தோம்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். ராவுத்தர் கடையில் தினமும் பார்த்ததுதான். டீ குடித்துக்கொண்டே பார்த்தது.

ஒரு முள்ளை ஒடித்துச் சந்தனத்தை நோண்டி எடுத்தேன். வண்டி கிளம்பியது. நான் ரொம்ப நேரம் கிளம்பவில்லை. ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். பின்பக்கம் பீப்பாயைக் காணவில்லை. தரை கறுப்பாக இருந்தது.

"டீசலு எங்க மாமா?"

"கீழ ஊத்திட்டேன் மாப்ள. தண்ணி கலந்தத இன்னொருத்தனுக்கு எப்படிக் குடுக்குறது? சம்சாரிக எஞ்சினும் கெட்டுப் போகுமில்ல."

சொன்னேன். சந்தனம், பிசின், ஓட்டை எல்லாம். அவர் கேட்டார். டின்னில் ஓட்டை போடுகிற ஆணியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"தெனமும் ரெண்டு ஓட்டை போடுறவன் நானு. எனக்கும் தோணாமப் போச்சே மாப்ள."

"என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க மாமா."

"அடிச்சா?" ஆணியைக் கீழே வைத்தார். "நீ இங்க வந்து சொல்லிட்ட. அங்க பந்தல்ல சொன்னத யாரு போயி எடுக்குறது?"

அடுத்த வாரம் பரமக்குடிக்கு பஸ் ஏறினேன். சாட்சிக்கு அந்த டேங்க் மூடியையும் துணிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். (லாரிக்கு மூடிக்குப் பதில் கந்தல் துணி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான்.) பெரியத்தா மரியாதையாக உட்கார வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். மூடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஓட்டை தெறந்துதானே இருக்கு?"

"நான் நோண்டி எடுத்துட்டேங்க."

"சந்தனம் எங்க?"

"கீழ விழுந்துருச்சுங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல மனுசன்யா நீ. ராவுத்தருக்காக இம்புட்டுத் தூரம் வந்திருக்க. டீ குடிச்சிட்டுப் போ."

டீ கொண்டு வந்தது சபுரா. தலை நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை.

அந்த வீட்டில் குழம்பு கொஞ்சம் நீர்த்தால் போதும், "என்னம்மா, ஒங்க அத்தா கடைச் சரக்கா?" என்பார்களாம். வேடிக்கையாகத்தான். ஆனால் வருசக்கணக்காக. ராவுத்தர் அதற்கப்புறம் டீசல் விற்கவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. போனால் டீ வரும். மாப்ள என்பார். திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

என் வீட்டிலும் கதை வளர்ந்தது. பாத்திரம் உடைந்தால், பையன் பரீட்சையில் தோற்றால், சாமான் தொலைந்தால், நான் யார் மேலாவது பழியைப் போட வாயெடுத்தால் போதும். என் சம்சாரம் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். "டீசல்ல தண்ணியா இருக்கும்." பேரன் பேத்திகள் வரைக்கும் அது போய்விட்டது. அவர்களுக்கு ராவுத்தர் யாரென்றே தெரியாது.

ராவுத்தர் காலமாகிச் சில வருசம் கழித்து சபுரா எங்கள் வீட்டுக்கு வந்தது. தலை நரைத்திருந்தது. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை கொடுத்தது.

"கட்டாயம் வரணும்ணே."

"வண்டி ஏதும் வேணுமாம்மா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"வேணாம்ணே. பஸ்ஸுல வாங்க" என்றது.

போனேன். பந்தலில் நல்ல கூட்டம். தேக்சாக்கள் தம்மில் இருந்தன. சாப்பிட உட்காரப் போகும்போது சபுரா என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டு வந்து நிறுத்தியது. பெரியத்தாவும் அங்கே இருந்தார். தள்ளாத வயசு.

"அண்ணே, எங்க கல்யாணத்தன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் சொன்னேன். பஸ்ஸைத் திருப்பி அனுப்பியது, தேக்சாவுக்குப் பண்டாரி குறுக்கே விழுந்தது, மூடியைத் தூக்கிக்கொண்டு பரமக்குடிக்குப் போனது எல்லாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியத்தாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் எனக்குப் பத்திரிகை வரும். பஸ்ஸில் போவேன். பந்திக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வேன். சின்னப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். நான் ஒரு இடத்தை விட்டுவிட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். சபுரா மட்டும் சிரிக்காது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நிற்கும்.

"ராவுத்தர் ஊத்துனது சுத்தமான டீசலு" என்று நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அது தலையைத் தூக்கும்.

"சரி, பந்தி போடுங்க" என்று சொல்லும்.